நீர்வாழ் பிராணிகள் எவ்வளவு வெப்பத்தைத் தாங்கும்? அளக்கும் முறையும் அளவின் பொருளும்

சித்தூர் மாவட்டத்தில் தமிழ்நாட்டு எல்லையை ஒட்டி அமைந்த ஊர் பாலசமுத்திரம். அப்பக்கத்தில் ‘சமுத்திரம்’ என்று முடியும் ஊர்ப்பெயர்கள் வேறு பலவும் உண்டு. கடலுக்கும் அவற்றுக்கும் தொடர்பு கிடையாது. ஏரியைச் சமுத்திரம் என்று பெருமையுடன் அழைத்த பழைய வழக்கமே பெரும்பாலும் அப்பெயர்களில் தங்கியிருக்கிறது. மழைக்காலத்தில் கலங்கல் வழியும் ஏரி, சித்திரை வைகாசியில் மதகடியில் முழங்காலளவு நீராகச் சுருங்கிவிடுகிறது. காற்றின் வெப்பம் 40 டிகிரியைத் தாண்டும் நாட்களில் மீனும் நண்டும் நத்தையும் தலைப்பிரட்டையும் அந்தச் சிறு நீர்ப்பரப்பிலேயே அடைபட்டுக் கிடக்கின்றன. (இக்கட்டுரையில் டிகிரி என வருவன யாவும் சென்டிகிரேட் அளவே.) ஒரு நாள் காலை மீன்கள் செத்து மிதந்தால், “வெயில் தாங்காமல் செத்தன” என்று ஊரார் முடிவு கட்டிவிடுவர். அம்முடிவு சரிதானா என்று ஆராய வேண்டிய பொறுப்பு மீன்வளப் பணியாளருக்கும், அதனை மாணவர்க்கு விளக்க வேண்டிய பொறுப்பு ஆசிரியருக்கும் உண்டு. அதற்கு முதலில் அறிய வேண்டுவது, ஒரு பிராணி தாங்கக்கூடிய வெப்பத்தை எவ்வாறு அளப்பது என்பதாகும்.

மீன், தவளை, நண்டு, இறால் முதலியவற்றைக் ‘குளிர் இரத்தப் பிராணிகள்’ என்கிறோம். இப்பெயர் சற்றுத் தவறான எண்ணத்தை உண்டாக்குவது. வைகாசி மாதத்து ஏரிநீரில் நீந்தும் கெண்டையின் இரத்தம் குளிர்ந்திருப்பதில்லை. நீர் 34 டிகிரியில் இருந்தால் அதன் உடலும் ஏறத்தாழ 34 டிகிரியிலேயே இருக்கும். மனித உடல் கோடையிலும் பனியிலும் 37 டிகிரி அளவிலேயே தன்னை நிறுத்திக்கொள்கிறது. மீனின் உடல் அவ்வாறு செய்வதில்லை. சூழ்ந்துள்ள நீரின் வெப்பமே அதன் வெப்பம். உடலுக்குள் நிகழும் இரசாயன மாறுதல்கள், நீரின் வெப்பம் 10 டிகிரி உயரும்போது ஏறக்குறைய இரண்டு அல்லது மூன்று மடங்கு விரைவடைகின்றன. ஆதலின் நீரின் வெப்பம் மீனுக்கு வெறும் சௌகரியம் பற்றிய செய்தியன்று. மூச்சு, செரிமானம், வளர்ச்சி, இனப்பெருக்கம் யாவும் அதனைப் பொறுத்தே நடைபெறுகின்றன.

இத்துறையில் பெயர்பெற்ற ஆராய்ச்சி ஒன்று இப்பகுதியிலேயே நடைபெற்றது என்பதைப் பலர் அறியார். 1954-இல், அந்நாளில் சித்தூர் மாவட்டத்தைச் சேர்ந்திருந்த திருப்பதியில் ஸ்ரீ வேங்கடேசுவர பல்கலைக்கழகம் தொடங்கப்பெற்றது. (2022 முதல் திருப்பதி தனி மாவட்டம்.) அப்பல்கலைக்கழக விலங்கியல் துறையில் பணியாற்றிய பேராசிரியர் கே. பம்பாபதி ராவ், அதற்கு முன்பு கலிபோர்னியாவில் கடற்கரைப் பாறைகளில் ஒட்டி வாழும் சிப்பிகளை ஆராய்ந்தவர். பசிபிக் கரையில் வடக்கிலும் தெற்கிலும் வெவ்வேறு இடங்களில் எடுத்த ஒரே இனச் சிப்பிகளை ஒரே வெப்பநிலையில் வைத்து, அவை தம் உடல் வழியே நீரை இறைக்கும் வேகத்தை அவர் அளந்தார். குளிர்ந்த வடகடற் சிப்பிகள் தென்கடற் சிப்பிகளைவிட விரைவாக இறைத்தன. குளிரினால் குறைய வேண்டிய வேகத்தை அவை ஏதோ ஒரு வகையில் ஈடுசெய்து கொண்டிருந்தன என்பதே இதன் பொருள். இம்முடிவு 1953-இல் வெளிவந்தது. அடுத்த ஆண்டில், வெப்பம் உயர்வதற்கேற்ப உடற்செயல்களின் வேகம் உயரும் விகிதம், பிராணியின் பருமனையும் அது வாழும் இடத்தின் வெப்பத்தையும் பொறுத்து எவ்வாறு மாறுகிறது என்பதைப் பற்றி டி. எச். புல்லக் என்பவருடன் சேர்ந்து எழுதினார். திருப்பதிக்கு வந்தபின் அவரும் அவருடைய மாணவர்களும் மண்புழு, வயல் நண்டு முதலிய நம் நாட்டுப் பிராணிகளையே எடுத்துக்கொண்டு, வெப்பநிலைக்குப் பழகும் தன்மையை ஆராய்ந்தனர். இவ்வாராய்ச்சியைப் பற்றிய அவருடைய கட்டுரை 1962-இல் அமெரிக்காவின் ‘சயன்ஸ்’ இதழில் வெளிவந்தது. வெப்ப நாட்டுப் பிராணிகள் ஆண்டு முழுவதும் ஏறத்தாழ ஒரே சூட்டில் வாழ்வதால் அவற்றுக்குப் பழகும் திறன் தேவையில்லை என்று எண்ணியிருப்போர்க்கு அவ்வேலை நல்ல மறுமொழியாக அமைந்தது.

பழகுதல் என்னும் இச்சொல்லை நன்கு விளங்கிக்கொண்டாலன்றி வெப்ப அளவீட்டில் ஒரு படியும் மேலே செல்ல இயலாது. ஒரே குளத்து மீன்களில் சிலவற்றை 25 டிகிரி நீரிலும் சிலவற்றை 32 டிகிரி நீரிலும் சில வாரங்கள் வைத்துப் பின்னர்ச் சோதித்தால், இரு கூட்டமும் வெவ்வேறு எல்லைகளைக் காட்டும். சூடான நீரில் பழகியது அதிக வெப்பத்தைத் தாங்கும். கனடாவில் எப். இ. ஜே. பிரை என்ற விஞ்ஞானியும் அவருடைய துணைவர்களும் 1940-களில் தங்கமீனைக் கொண்டு இதனைத் தெளிவாக்கினர். பழக்க வெப்பநிலை 3 டிகிரி உயர்ந்தால், சாவு நேரும் வெப்பநிலை ஏறத்தாழ 1 டிகிரி உயர்வதாக அவர்கள் கண்டனர். மூன்று கொடுத்து ஒன்று பெறும் இவ்வியாபாரம் ஓர் அளவுக்கு மேல் நடவாது. ஓர் உச்சிக்கு வந்தபின் எத்துணைப் பழக்கினும் எல்லை நகர்வதில்லை. ஆகவே, ‘இம்மீன் 40 டிகிரி தாங்கும்’ என்று மட்டும் எழுதிவைத்த குறிப்பு அரைக்குறிப்பே. எந்த வெப்பநிலையில் பழகிய மீன் என்பது உடன் இல்லாவிடில் அவ்வெண்ணால் பயனில்லை.

பிரை கையாண்ட முறை பொறுமை மிகுந்தது. பழக்கிய மீன்களைச் சிறு கூட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கூட்டத்தையும் ஒரு குறிப்பிட்ட நிலையான வெப்பமுள்ள தொட்டியில் திடீரென இடுவர். ஒரு தொட்டி 36 டிகிரி, அடுத்தது 37, அடுத்தது 38 என்றவாறு அமையும். ஒவ்வொன்றிலும் பாதி மீன்கள் மடிய எவ்வளவு நேரம் ஆகிறது என்பதைக் குறிப்பர். மேலும் மேலும் குறைந்த வெப்பநிலைக்கு வரும்போது, நெடுநேரம் வைத்தும் பாதி மீன்கள் பிழைத்திருக்கும் ஒரு நிலை வரும். அதுவே சாவின் தொடக்க எல்லை. குளிர்ப் பக்கத்திலும் இவ்வாறே கண்டு, பழக்க வெப்பநிலைகளுக்கு எதிராக வரைபடத்தில் குறித்தால் நாற்கோண வடிவம் ஒன்று கிடைக்கிறது. அதன் பரப்பே அப்பிராணியின் வெப்பச் சகிப்பு. தங்கமீனுக்கு 1,220 சதுர டிகிரி. சால்மன் வகையில் ஒன்றுக்கு 468 மட்டுமே. முறை உறுதியானது, ஆனால் மீன்களும் தொட்டிகளும் நாட்களும் மிகுதியாக வேண்டும். சோதனைக்கு உட்பட்டவற்றில் பெரும்பாலானவை மடிகின்றன.

இதனால் மற்றொரு முறை பரவலாயிற்று. அது மீனிலிருந்து தோன்றியதன்று. பாலைவனப் பல்லிகளிலிருந்தும் பாம்புகளிலிருந்தும் தோன்றியது. 1944-இல் அமெரிக்காவில் கவுல்ஸ், போகர்ட் என்னும் இருவர் ஒரு நுட்பமான எண்ணத்தை வெளியிட்டனர். பிராணி இறக்கும் வெப்பநிலையைத் தேட வேண்டுவதில்லை. அதற்குச் சற்று முன்னரே, அதன் அசைவுகள் குலைந்து, ஆபத்திலிருந்து தப்பி ஓடும் ஆற்றலை அது இழக்கும் வெப்பநிலை ஒன்று உண்டு. இயற்கையில் அந்நிலையை அடைந்த பிராணி நிழலுக்கோ ஆழத்துக்கோ செல்ல முடியாது. அது செத்ததற்கு ஒப்பானதே. அவ்வெப்பநிலையையே உச்ச வரம்பாகக் கொள்ளலாம் என்றனர். பின்னர் வந்தோர் இதனைத் தவளை, மீன், இறால் ஆகியவற்றுக்கும் விரித்து வரையறுத்தனர்.

செய்முறை எளிது. பழக்க வெப்பநிலையிலுள்ள நீரில் பிராணியை விட்டு, நீரைச் சீரான வேகத்தில் சூடேற்ற வேண்டும். நிமிடத்துக்கு 0.3 டிகிரி என்பது மீன்களுக்குப் பரவலாக வழங்கும் வேகம். 28 டிகிரியில் தொடங்கினால் 40 டிகிரியை எட்ட 40 நிமிடமாகும். முதலில் மீன் அமைதியாயிருக்கும். பின்னர் செவுள் மூடிகள் விரைந்து அடிக்கும், அங்குமிங்கும் பாயும். கடைசியில் பக்கவாட்டில் சாய்ந்து, நிமிர முயன்றும் நிமிர முடியாமற்போகும். அந்தக் கணத்து வெப்பநிலையைக் குறித்து, உடனே மீனை எடுத்துப் பழைய வெப்பநிலை நீரில் விட வேண்டும். சரியாகச் செய்திருந்தால் மீன் தெளிந்து நீந்தத் தொடங்கும். தெளியாமல் இறந்த மீனின் அளவைக் கணக்கில் சேர்த்தல் கூடாது; அது உச்ச வரம்பைக் கடந்து சாவின் எல்லைக்குள் சென்றுவிட்டது.

எளிய முறைகளிலேதான் பிழைகள் எளிதாக நுழைகின்றன. வேகத்தையே எடுத்துக்கொள்க. மிக விரைவாகச் சூடேற்றினால் நீர் முன்னே ஓட, மீனின் உடல் பின்தங்கும். பெரிய மீனில் இந்த இடைவெளி மிகுதி. வெப்பமானி 42 காட்டும்போது மீனின் உள்ளுடல் 40-இல் இருக்கக்கூடும்; அளந்தவர் மீனுக்கு இல்லாத திறமையை அதற்கு ஏற்றிச் சொல்லிவிடுவார். மிக மெதுவாக, நாளொன்றுக்கு ஒரு டிகிரி வீதம் ஏற்றினாலோ மீன் இடையிலேயே பழகத் தொடங்கும். அல்லது நீண்ட நேரச் சூட்டின் தீங்கு சேர்ந்து எல்லை தாழும். எப்படியாயினும் அளக்கப்படுவது வேறொன்றாகிவிடுகிறது. இரு ஆராய்ச்சிகளின் எண்களை ஒப்பிடுமுன் இரண்டிலும் சூடேற்றிய வேகம் ஒன்றுதானா என்று பார்க்கத் தவறுவது இன்றும் காணப்படும் குறை.

நீரைக் கலக்காமல் சூடேற்றுவது அடுத்த பிழை. சூடான நீர் மேலே நிற்க, மீன் அடியில் குளிர்ச்சியைத் தேடிக் கிடக்கும். காற்றுக் குமிழிகளைச் செலுத்தினால் நீரும் கலக்கும், பிராணவாயுவும் குறையாது. இனி, எந்தக் குறியை முடிவாகக் கொள்வது என்பதும் தொல்லை தருவதே. மீனுக்குச் சாய்தல் தெளிவான குறி. நண்டை மல்லாத்தி வைத்தால் அது புரண்டு நிமிர்கிறதா என்று பார்க்கலாம். இறால் பக்கவாட்டில் விழுவதைக் கொள்ளலாம். ஓட்டை மூடிக்கொண்டு கிடக்கும் நத்தையிடம் எதைக் கேட்பது? அதன் பாதம் கண்ணாடியிலிருந்து நழுவும் கணத்தைச் சிலர் கொள்வர். அதில் ஐயத்துக்கு இடமுண்டு. முடிவுக் குறியை ஒருவரே எல்லாப் பிராணிகளுக்கும் ஒரே விதமாக முடிவுசெய்வது நலம். சோதனைக்கு முன் இரை ஊட்டியிருந்ததா, மீனின் எடை எவ்வளவு, நோய் உண்டா என்பனவும் குறிப்பில் இடம்பெற வேண்டும்.

நம் நாட்டு மீன்களைப் பற்றி மும்பையிலுள்ள மத்திய மீன்வளக் கல்வி நிறுவனத்தார் செய்த வேலை குறிப்பிடத்தக்கது. கட்லா, ரோகு, மிர்கால் என்னும் இந்தியப் பெருங்கெண்டைகளின் விரலிகளை நான்கு வெவ்வேறு வெப்பநிலைகளில் பழக்கி, அவற்றின் உச்ச வரம்பையும் பிராணவாயுச் செலவையும் அளந்து 2004-இல் வெளியிட்டனர். நன்னீர்ப் பெரிய இறாலையும் மூன்று வெப்பநிலைகளில் பழக்கி அதே ஆண்டில் அறிக்கை தந்தனர். பழக்க வெப்பநிலை உயர உயர உச்ச வரம்பும் உயர்ந்தது. உடன் பிராணவாயுச் செலவும் உயர்ந்தது. இந்த இரண்டாவது செய்தியே களப்பணியாளர் மனத்தில் கொள்ள வேண்டியது.

ஏனெனில், வெப்பம் உயர்ந்தால் நீர் தன்னிடம் கரைத்து வைக்கக்கூடிய பிராணவாயு குறைகிறது. காற்றோடு நன்கு கலந்த நன்னீர், 20 டிகிரியில் லிட்டருக்குச் சுமார் 9.1 மில்லிகிராம் பிராணவாயுவை வைத்திருக்கும். 30 டிகிரியில் 7.6, 35 டிகிரியில் 7 மட்டுமே. மீனின் தேவையோ அதே இடைவெளியில் இரண்டு மடங்குக்கு மேல் பெருகிவிடுகிறது. வரவு சுருங்க, செலவு பெருகும் குடும்பத்தின் கதை இது. இதற்கு மேல், பகலில் பாசிகள் ஒளியைக் கொண்டு பிராணவாயுவை வெளியிடுகின்றன. இரவில் அவையும் மீனைப் போலவே அதனைச் செலவிடுகின்றன. எனவே ஏரிநீரில் பிராணவாயு மிகக் குறைந்திருப்பது விடியற்காலையில். நீர் மிகச் சூடாக இருப்பதோ பிற்பகல் இரண்டு மூன்று மணிக்கு.

இங்கே தொடக்கத்துக் கேள்விக்கு விடை கிடைக்கிறது. மீன்கள் விடியற்காலையில் நீர்ப்பரப்பில் வாய்திறந்து மேல்மூச்சு வாங்கி, பொழுது புலரும்போது செத்து மிதந்தால், அவற்றைக் கொன்றது பெரும்பாலும் பிராணவாயுப் பஞ்சமே. வெப்பம் அப்பஞ்சத்துக்கு வழிவகுத்திருக்கலாம். மாறாக, நடுப்பிற்பகலில் ஆழமற்ற ஓரங்களில் மீன்கள் நிலைதடுமாறிச் சாய்ந்தால் வெப்பத்தையே ஐயுற வேண்டும். மற்றோர் அடையாளமும் உண்டு. விரால், கெளுத்தி, பனையேறிக் கெண்டை ஆகியன நேரே காற்றைச் சுவாசிக்க வல்லவை. கெண்டைகள் மடிந்து இவை பிழைத்திருந்தால் குற்றவாளி பிராணவாயுக் குறைவே என்று துணியலாம். மருந்து, சாயம் முதலிய நஞ்சுகள் கலந்தனவா என்பதையும் விட்டுவிடலாகாது. வெப்பம் என்று தவறாக முடிவுகட்டினால், காற்றூட்டிக் காப்பாற்றியிருக்கக்கூடிய குளத்தைக் கைவிட நேரும்.

இதற்கு வேண்டிய கருவிகள் பெரியன அல்ல. நல்ல வெப்பமானி ஒன்று, நீண்ட கயிறு, பிராணவாயுவை அளக்கும் விங்க்லர் முறைக்கான புட்டிகள் அல்லது கையடக்க மானி. விடியுமுன் ஒரு முறையும் பிற்பகல் இரண்டரை மணியளவில் ஒரு முறையும், மேற்பரப்பிலும் நடுவிலும் அடித்தளத்திலும் வெப்பநிலையைக் குறிக்க வேண்டும். மேற்பரப்பில் மட்டும் அளப்பது பெரும்பாலோர் செய்யும் தவறு. மேலே 36 டிகிரி இருக்கும்போது இரண்டு மீட்டர் ஆழத்தில் சில டிகிரி குறைந்திருக்கக்கூடும். அந்தக் குறைவே மீனின் அடைக்கலம். ஆனால் அவ்வாழத்தில் பிராணவாயு இருக்கிறதா என்பதையும் உடன் காண வேண்டும். குளிர்ந்த அடிநீரில் மூச்சுக்கு வழியில்லாவிடில் மீனுக்கு மேலே சூடு, கீழே திணறல். வண்டல் படிந்து ஆழம் இழந்த ஏரிகளில் அந்த அடைக்கலமும் இல்லை. மதகருகே ஒரு பள்ளத்தையேனும் ஆழப்படுத்தி வைப்பது வளர்ப்போர்க்குப் பயன்தரும்.

பள்ளிகளில் மீனை உச்ச வரம்பு வரை சூடேற்றிக் காட்டுவது தேவையற்றது, செய்யவும் கூடாது. அதற்குப் பயிற்சியும் அனுமதியும் வேண்டும். அதே உண்மையை மீனுக்குத் துன்பமின்றி விளக்க வழியுண்டு. தொட்டியில் 25 டிகிரி நீரில் அமைதியாயுள்ள மீனின் செவுள் மூடி நிமிடத்துக்கு எத்தனை முறை அசைகிறது என்று மாணவர் எண்ணட்டும். நீரை மெல்ல 28 டிகிரிக்கும், அடுத்த நாள் 30 டிகிரிக்கும் கொணர்ந்து மீண்டும் எண்ணட்டும். எண்ணிக்கை ஏறுவதைத் தாமே காண்பர். மறுபடி 25-க்கு இறக்கி எண்ணச் செய்தலும் வேண்டும். பரபரப்பினால் ஏறிய மூச்சு எது, வெப்பத்தினால் ஏறியது எது என்பது அப்போதுதான் பிரிந்து தெரியும்.

உலகிலுள்ள பிராணிகளிடையே இவ்வெல்லை வியக்கத்தக்க அளவு வேறுபடுகிறது. தென்துருவக் கடலின் உறைநிலை நீரில் வாழும் சில மீன்கள் 6 டிகிரியளவிலேயே வெப்பத்தால் மடிவதாக 1967-இல் அமெரிக்க விஞ்ஞானிகள் கண்டனர். நமக்கு அது நடுங்கும் குளிர். அமெரிக்கப் பாலைவனச் சுனைகளில் வாழும் ஒரு சிறு மீனோ 44 டிகிரி வரை நிலைதடுமாறுவதில்லை. வெப்ப நாட்டுப் பிராணிகளின் எல்லை உயர்ந்ததுதான். ஆயினும் அவை அன்றாடம் வாழும் வெப்பநிலைக்கும் அவ்வெல்லைக்கும் இடையேயுள்ள தூரம் குறுகியது. கடற்கரை நண்டுகளில் ஸ்டில்மன் என்பவர் 2003-இல் கண்டது இதனினும் கவலைக்குரியது. மிகுந்த வெப்பத்தைத் தாங்கும் இனங்களுக்கே மேலும் பழகும் திறன் மிகக் குறைவாயிருந்தது.

முதிர்ந்த மீனை மட்டும் அளந்துவிட்டு மன நிறைவு கொள்ளுதலும் சரியன்று. 694 மீனினங்களைப் பற்றிய செய்திகளைத் தொகுத்து 2020-இல் வெளிவந்த ஓர் ஆராய்ச்சி, முட்டைக்குள் வளரும் கருவும் முட்டையிடும் பருவத்து மீனும் மற்றப் பருவத்தினவற்றைவிடக் குறுகிய வெப்ப எல்லைக்குள்ளேயே வாழக்கூடியன என்று காட்டியது. பொரிப்பகத் தொட்டியின் வெப்பநிலையைத் தாய்மீனின் தாங்கும் ஆற்றலை வைத்து முடிவு செய்யலாகாது என்பது இதனால் விளங்கும்.

கரையோர மின்நிலையங்களுக்கும் இவ்வளவீடு தேவைப்படுகிறது. 1984-லும் 1986-லும் இயங்கத் தொடங்கிய கல்பாக்கம் அணுமின் உலைகள் கடல்நீரால் குளிர்விக்கப்படுவன. கடல்நீரைப் பயன்படுத்தும் புதிய அனல் மின்நிலையங்கள் வெளியேற்றும் நீரால், அதனை ஏற்கும் நீரின் வெப்பம் தன் இயல்பு அளவைவிட 7 டிகிரிக்கு மேல் உயர்தல் ஆகாது என்று மத்திய அரசு 1990-களின் இறுதியில் விதி வகுத்தது. கடல்நீர் 26 டிகிரியாயுள்ள மாதத்தில் 7 டிகிரி சேர்ந்தால் 33. 30 டிகிரியாயுள்ள மாதத்தில் சேர்ந்தால் 37. விதி ஒன்றே, பிராணிக்கு நேரும் நிலை ஒன்றன்று.

தலைமுறை தலைமுறையாக மீனினம் தன் எல்லையை உயர்த்திக்கொள்ளாதா என்று கேட்கலாம். நார்வே நாட்டின் திரொன்ஹெய்ம் பல்கலைக்கழகத்தார் இதனை நேரே சோதித்தனர். மேற்கு வங்காளத்து நீர்நிலைகளில் 2016-இல் பிடித்த வரிக்குதிரை மீன்களின் வழித்தோன்றல்களை அவர்கள் எடுத்துக்கொண்டனர். ஒவ்வொரு தலைமுறையிலும் உச்ச வரம்பு உயர்ந்தவற்றை மட்டும் தேர்ந்து இனம் பெருக்கினர். மற்றொரு வரிசையில் வரம்பு தாழ்ந்தவற்றைத் தேர்ந்தனர். ஆறு தலைமுறைகளில் 20,000-க்கு மேற்பட்ட மீன்கள் அளக்கப்பட்டன. 2020-இல் வெளியான முடிவின்படி, கீழ்நோக்கிய தேர்வு எளிதாகப் பலித்தது. மேல்நோக்கிய தேர்வில் கிடைத்த உயர்வு தலைமுறைக்கு 0.04 டிகிரி மட்டுமே. இவ்வேகத்தில் ஒரு டிகிரி உயர 25 தலைமுறைகள் வேண்டும். வரிக்குதிரை மீனுக்குச் சில மாதங்களில் ஒரு தலைமுறை கழிந்துவிடும். ஏரியில் வளரும் ரோகு முட்டையிடும் பருவம் எய்த ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. அதற்கும் இதே வேகம் என்று வைத்துக்கொண்டால் அரை நூற்றாண்டு. அச்சோதனையில் வேறொன்றும் தெரிந்தது. தேர்ந்தெடுத்து உயர்த்திய வரிசை மீன்களைச் சூடான நீரில் பழக்கியபோது, பழக்கத்தினால் அவை பெற்ற கூடுதல் ஆதாயம் முன்னைவிடக் குறைந்துபோயிருந்தது.